இல்லத் தோட்டம்: உருளைச் செடியில் காய்த்த தக்காளி

கோத்தகிரிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். வீட்டின் பின்புறத்தில் அவர் நட்டிருந்த உருளைக்கிழங்குச் செடிகளுள் இரண்டு, பூத்து ஓய்ந்த பின்னர், பச்சை நிறத்தில் சிறு தக்காளி போன்ற காய்களைக் கொத்தாகத் தாங்கி நின்றனவாம். அடுத்த பாத்தியில் தக்காளி இருந்தமையால் மகரந்தம் கலந்து இவ்விதம் ஆயிற்றோ என்பது அவருடைய ஐயம். மாமியாரோ, இது நல்லதற்கன்று, பிடுங்கி எறிந்துவிடு என்கிறாராம். ‘இக்காய்களைக் கூட்டு வைக்கலாமா?’ என்பது கடிதத்தின் இறுதி வரி.

இறுதி வரிக்கு முதலில் விடை கூறிவிடுகிறோம். கூடவே கூடாது. அக்காய்களில் சோலனின் போன்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. வேகவைப்பதனால் அவை நீங்கிவிடுவதில்லை. குழந்தைகள் ஓடி விளையாடும் தோட்டமாயின் அவர்கள் பறித்துத் தின்றுவிடாதபடி காத்துக்கொள்ள வேண்டும். ஆனால் செடியைப் பிடுங்கி எறியவும் வேண்டாம். மாமியார் அவர்கள் நம்மை மன்னிப்பாராக.

மகரந்தக் கலப்பு எதுவும் நிகழவில்லை. உருளை, தக்காளி, கத்தரி, சுண்டை, மணத்தக்காளி யாவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆதலால் முகச்சாயல் ஒத்திருக்கிறது. குளிர்ந்த காலநிலையும் நீண்ட பகற்பொழுதும் வாய்க்கும்போது சில வகை உருளைகள் பூத்துக் காய்க்கும். சில பூப்பதோடு நின்றுவிடும். சில பூப்பதே அரிது. பல்லாண்டுகள் உருளை பயிரிட்டவர்களிலும் இக்காயைக் கண்டிராதவர் இருப்பதற்கு இதுவே காரணம். பழுத்த காய் ஒன்றைப் பிளந்து பார்த்தால் வழவழப்பான சதையினுள் இருநூறு விதைகள்கூட இருக்கக்கூடும். ஒரு கிராம் எடைக்கு ஏறத்தாழ 1,500 விதைகள் என்றால் அவற்றின் சிறுமையை எண்ணிப் பாருங்கள். இவையே உருளைக்கிழங்கின் மெய்யான விதைகள்.

அப்படியானால் கடையில் ‘விதைக்கிழங்கு’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது எது? அது விதையன்று, மண்ணுக்குள் பருத்த தண்டு. கிழங்கின் ‘கண்’ என்பது தண்டின் மொட்டு. செம்பருத்திக் கிளையை ஒடித்து நட்டால் அதே செம்பருத்தி தழைப்பது போல, கிழங்கை நட்டால் தாய்ச்செடியே மீண்டும் எழுகிறது. இதனால் நன்மை உண்டு: எதை நட்டோமோ அதுவே விளையும். தீமையும் உண்டு: தாய்க்கு இருந்த நோயும் உடன் வரும். அசுவினிகள் பரப்பும் வைரஸ் நோய்கள் கிழங்கினுள் தங்கி, போகத்திற்குப் போகம் பெருகி, விளைச்சலைத் தேய்த்துவிடுகின்றன. சொந்தக் கிழங்கையே திரும்பத் திரும்ப நட்டுவரும் குடும்பத்தார், ‘முன்போல் விளைவதில்லை, மண் கெட்டுவிட்டது’ என்று குறைபட்டுக்கொள்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பல சமயங்களில் கெட்டது மண்ணன்று, கிழங்கே.

ஒரே செடியை ஊரெங்கும் நடுவதில் மற்றோர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. அயர்லாந்து நாட்டு ஏழைக் குடியானவர்கள் பெரும்பாலும் ‘லம்பர்’ என்னும் ஒரே வகைக் கிழங்கையே நம்பி வாழ்ந்தனர். 1845-ஆம் ஆண்டில் பின்கருகல் நோய் அங்கே புகுந்தபோது, ஒரு செடிக்கு இல்லாத எதிர்ப்பாற்றல் எந்தச் செடிக்கும் இல்லாமற்போயிற்று. தொடர்ந்த பஞ்ச ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். ஆட்சியாளரின் அலட்சியமும் அதில் பங்கு பெற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நம் நீலகிரிக்கும் கிழங்கு வழியே வரும் துன்பம் புதிதன்று. முட்டைக்கூட்டு நூற்புழு என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத புழு 1961-இல் நீலகிரி மண்ணில் கண்டறியப்பட்டது. வேரைத் தாக்கும் இப்புழுவின் முட்டைக்கூடுகள் உருளை பயிரிடாத நிலத்திலும் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அவை ஊர்விட்டு ஊர் செல்லும் என்பதனால், நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதற்கு 1971-இல் தமிழக அரசு தடை விதித்தது. பின்னர் இமாசலப் பிரதேசம் முதலிய வடக்கு மலைப்பகுதிகளிலும் இப்புழு காணப்பட்டு, 2018-இல் அங்கும் அத்தகைய தடை வந்தது. ஆகவே மலையில் வாழும் வாசகர்கள் சமவெளியிலுள்ள உறவினருக்கு நடுவதற்கென்று கிழங்கை மூட்டை கட்டி அனுப்பலாகாது. அன்பளிப்பாக அனுப்பினும் புழுவுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இனி விதையின் சிறப்பு விளங்கும். கழுவி உலர்த்திய விதையில் மண் இல்லை. ஆதலால் மண்ணில் வாழும் புழுவும் இல்லை. ஒரு சில நீங்கலாக, உருளையைத் தாக்கும் வைரஸ் நோய்கள் விதை வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. நோயுற்ற தாயிடமிருந்தும் பெரும்பாலும் நலமான பிள்ளை பிறக்கும்.

ஆனால் அந்தப் பிள்ளை எப்படிப்பட்டது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. சாதாரண உருளையின் உயிரணுவில் நான்கு தொகுதிகளாக 48 குரோமோசோம்கள் உள்ளன. இவை ஒவ்வொரு விதையிலும் வெவ்வேறு விதமாகச் சேர்கின்றன. ஒரே காயின் விதைகளை விதைத்தாலும் ஒன்று வெள்ளைக் கிழங்கு தரும், ஒன்று சிவப்பு. ஒன்று உருண்டை, ஒன்று நீளம். ஒன்று சுவையானது, ஒன்று வாயில் வைக்க ஒண்ணாதது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா?

இந்த நிச்சயமின்மையே செல்வமாக மாறிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சான்சி குட்ரிச் என்னும் போதகர், கிழங்கு வழிப் பெருக்கத்தால் உருளை வலுவிழந்துவிட்டது என்றும் அதனாலேயே பின்கருகல் நோய் வந்தது என்றும் நம்பினார். நோயைப் பற்றி அவர் நினைத்தது தவறு. எனினும் அந்தத் தவறான நம்பிக்கையே அவரை விதை விதைக்கத் தூண்டிற்று. தென் அமெரிக்காவிலிருந்து கிழங்கு வருவித்து, அதன் விதையிலிருந்து 1853-இல் ‘கார்னெட் சிலி’ என்னும் வகையைக் கண்டெடுத்தார். அதன் விதையிலிருந்து 1861-இல் வெர்மான்ட் மாநிலத்து ஆல்பர்ட் பிரீசி ‘எர்லி ரோஸ்’ என்பதைப் பெற்றார். எர்லி ரோஸ் காய்ப்பது மிக அரிது. 1872-இல் மாசசூசெட்ஸில் லூதர் பர்பாங்க் என்னும் இளைஞர் தம் தோட்டத்தில் அதன் ஒரே ஒரு காயைக் கண்டார். பறிக்க வந்த நாளில் அது உதிர்ந்து காணாமற்போயிருந்தது. தரையெல்லாம் தேடி அதனைக் கண்டெடுத்தார். உள்ளே இருந்தவை 23 விதைகள். அத்தனையும் முளைத்தன, அவற்றுள் ஒன்று மற்றெல்லாவற்றையும் விஞ்சியது. அதன் உரிமையை 1875-இல் 150 டாலருக்கு விற்று, பத்துக் கிழங்குகளை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். அவ்வகையின் வழித்தோன்றலான ‘ரஸ்ஸெட் பர்பாங்க்’ இன்றும் அமெரிக்காவில் வறுவலுக்குப் பேர்போனது. கீழே உதிர்ந்த காயைக் குனிந்து தேட அவர் சோம்பியிருந்தால்?

பெரு நாட்டின் லிமா நகரிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையமும், சிம்லாவிலுள்ள நமது மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் ஒட்டுரக மெய்விதைகளை உருவாக்கின. ஓரளவு ஒன்றுபோல் விளையும் அவ்விதைகளைத் திரிபுரா மாநில விவசாயிகள் ஏற்றுப் பயிரிட்டனர். ஒரு ஹெக்டேருக்கு இரண்டு டன்னுக்கும் மேலாக விதைக்கிழங்கு சுமக்க வேண்டிய இடத்தில் 100 முதல் 150 கிராம் விதை போதும் என்பது மலைநாட்டவருக்குச் சிறிய செய்தியன்று. நாம் இங்கே கூறுவது வீட்டுக் காயின் விதையைப் பற்றியே.

செய்முறைக்கு வருவோம். காய் தானே உதிரும் வரை செடியிலேயே இருக்கட்டும். உதிர்ந்ததை மேலும் இரண்டு வாரம் வைத்து, மெத்தென்று ஆனதும் நீரில் பிசைந்து ஓரிரு நாள் ஊறவிடுங்கள். வழவழப்பு நீங்கும்படி அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் உலர்த்திக் காகிதப் பொட்டலமாகக் கட்டி, மூடியிட்ட டப்பாவில் வையுங்கள். புதிய விதை நான்கு, ஐந்து மாதங்கள் உறங்கும். ஆகவே ஆடி, ஆவணியில் எடுத்ததைத் தை மாதத்தில் விதைப்பது பொருத்தம்.

முதல் முறை நாம் விதைத்தபோது ஒன்றுகூட முளைக்கவில்லை. கீரை விதை போல் மண்ணைத் தூவி மூடாமல், அவரை ஊன்றுவது போல் ஓர் அங்குல ஆழத்தில் புதைத்துவிட்டோம்! அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடலாகாது. சலித்த இலைமக்கும் மணலும் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுப் பெட்டியில் நிரப்புங்கள். வெளி மண்ணில் நூற்புழு இருக்கக்கூடும் என்பதனால் இவ்வளவு கவனம். பூவாளியால் நீர் தெளித்து, உறைபனி படாத இடத்தில் வைத்தால் இரண்டு வாரத்திற்குள் நூல் போன்ற நாற்றுகள் தலைகாட்டும். 25 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் முளைப்பு குன்றும். சமவெளி வாசகர்களை நாம் ஊக்குவிக்காததற்கு அதுவே காரணம்.

ஐந்து வாரத்தில் நான்கைந்து இலை விட்டதும் பாத்தியில் நடலாம். அடி இலைகள் வரை தண்டு புதையும்படி நடுங்கள். கிழங்குத் தண்டுகள் அங்கிருந்துதான் புறப்படும். பிறகு இரு முறை மண் அணைக்க வேண்டும். பின்கருகல் நோய்க்கு நாற்றுச்செடிகளும் தப்புவதில்லை. தென்மேற்குப் பருவமழை நனைக்கும் நாட்களில் எந்தச் செடி கருகுகிறது, எது தாங்கி நிற்கிறது என்று நாள்தோறும் பார்த்துக் குறித்து வையுங்கள்.

இரண்டாம் முறை நமக்கு 34 செடிகள் தேறின. தோண்டியபோது பெரும்பாலானவை கோலிக்குண்டு அளவே இருந்தன. முதல் தலைமுறை அப்படித்தான். அடுத்த நடவில் பருக்கும். ஒரு செடி மட்டும் முட்டையளவில் ஒன்பது செந்நிறக் கிழங்குகளை ஈன்றது. மழையிலும் கருகாமல் நின்ற செடி அது. மகிழ்ச்சியோடு அவற்றைக் கழுவிச் சமையலறைத் திண்ணையில் பரப்பிவிட்டு வெளியே சென்றோம். அன்று மாலை எதிர்பாராமல் விருந்தினர் வந்தனர். நாம் திரும்பியபோது ஒன்பதும் மசாலாவாகித் தட்டில் இருந்தன. மிக ருசியாக இருந்ததாக விருந்தினர் பாராட்டினர். வீட்டாரை நொந்து பயனில்லை. அவை எவை என்று நாமல்லவா சொல்லி வைத்திருக்க வேண்டும்?

ஆகவே கோத்தகிரி வாசகிக்கு நாம் சொல்வது இது. செடிக்கு ஓர் எண்ணிட்ட குச்சி நட்டுவிடுங்கள். தோண்டும்போது ஒவ்வொரு செடியின் கிழங்கையும் தனித்தனிப் பையில் அதே எண்ணோடு இடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கிழங்கை வேகவைத்து நுனி நாவில் சுவையுங்கள். கசந்தால் விழுங்காமல் துப்பிவிட்டு, அந்தப் பை முழுவதையும் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். பிடித்த மூன்று, நான்கு செடிகளின் கிழங்குகளை ஈரமற்ற இடத்தில் இரண்டு, மூன்று மாதம் வைத்து, கண்கள் முளைவிட்டதும் நடுங்கள். அந்தப் பைகளின் மேல் ‘சமையலுக்கு அன்று’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைக்க மறவாதீர்கள். மாமியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.