மொட்டு மலையில், பழம் மாடியில்

நாங்குநேரியில் ஸ்ட்ராபெர்ரி காய்க்குமா என்று கேட்பவர்களிடம், காய்க்கும் என்றே சொல்கிறேன். ஆனால் மார்கழி, தை, மிஞ்சினால் மாசி. அதற்கு மேல் எதிர்பார்த்தால் செடிக்கும் வேதனை, நமக்கும் வேதனை.

பகல் வெயில்தான் தடை என்று பலரும் நினைக்கிறார்கள். வெயிலை நிழல்வலை கட்டிச் சமாளித்துவிடலாம். சிக்கல் இரவில் இருக்கிறது. குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் அமைந்தால்தான் இந்தச் செடி மொட்டு வைக்கும். பகலைப் பற்றிக் கவலையே வேண்டாம்; நம் பக்கம் ஆனி மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. குளிருக்குத்தான் எங்கே போவது? மார்கழி இரவிலும் இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

அதனால், மொட்டு மலையிலேயே உருவாகிவிட்ட செடியாக வாங்க வேண்டும். கொடைக்கானல், ஊட்டிக் குளிரில் வளர்ந்த நாற்றின் குருத்துக்குள், கண்ணுக்குத் தெரியாமல் மொட்டு முன்பே கருக்கொண்டிருக்கும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் அதைக் கொண்டுவந்து நட்டால், நம் மாடியில் விரிவது மலையில் முடிவான பூ. விதைப் பொட்டலத்தை மட்டும் நம்பாதீர்கள். இன்றைய பெரிய பழமே சிலி நாட்டு இனமும் வட அமெரிக்க இனமும் 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் கலந்து பிறந்தது. வின்டர் டான், ஸ்வீட் சார்லி போன்ற ரகங்களின் விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. கொடி ஓடி வேர்விட்ட கன்றுதான் வேண்டும்.

தொட்டிக்கு மண்சட்டியை மிஞ்சியது இல்லை. காருகுறிச்சி மண்பாண்டங்கள் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. ஒரு சாண் ஆழமுள்ள, வாயகன்ற சட்டியின் அடியில் துளை போட்டால் போதும். பானைத் தண்ணீர் குளிர்வதுபோல அதன் சுவர் கசிந்து வேரைக் குளிர வைக்கும். நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே நிற்கட்டும், புதைந்தால் அழுகிவிடும்.

பயிர்களிலேயே உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் ஸ்ட்ராபெர்ரியும் ஒன்று. எங்கள் தெரு போர் தண்ணீரை ஊற்றினால் இலையின் ஓரம் தீய்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து வைத்து அதையே ஊற்றுகிறேன். தேங்காய்க் கதம்பைத்தூளிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நன்றாக அலசிப் பிழிந்த பிறகே செம்மண்ணோடும் மண்புழு உரத்தோடும் கலக்க வேண்டும்.

பூவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மஞ்சள் மேட்டைச் சுற்றி ஐந்து வெள்ளை இதழ். அந்த மேடுதான் பருத்துப் பழமாகிறது. அதன்மேல் பதிந்திருக்கும் ஒவ்வொரு மணியும் கருவுற்றால்தான் அந்த இடத்துச் சதை வளரும். தேனீ வராத மாடியில் பழம் ஒரு பக்கம் சூம்பிப்போவது இதனால்தான். காலையில் மெல்லிய தூரிகையால் பூ முழுக்கச் சுற்றித் தடவிவிட்டால் பழம் நன்றாகத் திரளும்.

பங்குனியில் கொடி ஓடும், பூ நின்றுவிடும். நான் அத்தோடு செடியை எடுத்துவிட்டுத் தண்டுக்கீரை விதைக்கிறேன். போர் தண்ணீரையும் அக்னி நட்சத்திரத்தையும் அது தாங்கும்.