ஏரிக்குள் பிறந்த தீவுகள்

தீவு என்றால் கடலில்தான் இருக்க வேண்டுமா? சேலத்தில் ஏரிக்குள் தீவுகள் உண்டாயின. உண்டாக்கியவர்கள் மனிதர்கள்!

கன்னங்குறிச்சி மூக்கனேரியின் பரப்பு 58 ஏக்கர். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை இங்கே வந்து சேரும். ஆனால் ஏரி தூர்ந்து, குப்பை மண்டிக் கிடந்தது. 2010-ம் ஆண்டில் "சேலம் மக்கள் குழு" அனுமதி பெற்று வேலையைத் தொடங்கியது. பொதுமக்கள் பணம் கொடுத்தார்கள்.

தூர் வாரினால் மண் மலை போல் குவியும். லாரியில் ஏற்றி அனுப்பினால் வாடகை யார் கொடுப்பது? கரையில் கொட்டினால் அடுத்த மழைக்குத் திரும்ப உள்ளே வந்துவிடும். ஆகவே மண்ணை ஏரிக்குள்ளேயே மேடு மேடாகக் குவித்து, மரக்கன்றுகள் நட்டார்கள். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டன. சுற்றிலும் தண்ணீர், ஆடு மாடு போய் மேய முடியாது. விறகு வெட்டுகிறவருக்கும் சிரமம்தான்! பறவைகள் வந்தன.

அம்மாபேட்டை மக்களுக்கும் குமரகிரி ஏரி இருக்கிறது. "அது சர்க்கார் சொத்து, நமக்கென்ன?" என்று தறியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாமா? முன்பு குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. ஊரார் மண்வெட்டியோடு வந்து ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடுவார்கள். 1858-ல் அதற்குச் சட்டமே வந்தது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியது.

மண் வாருவது பிறகு இருக்கட்டும். எந்த ஏரியானாலும், சாக்கடை அதில் கலக்காமல் தடுப்பது மாநகராட்சியின் கடமை. குப்பைக் கூடையை ஏரிக்கரையில் கவிழ்க்காமல் இருக்க மாநகராட்சி வர வேண்டியதில்லை. அது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.