கப்பன் பூங்காவும் நம் குடும்பங்களும்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் ஒரு குறை பொதுவாகக் காணப்படுகிறது. வேலைக்குச் செல்வோருக்கு அலுவலகம் உண்டு; பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. ஆனால் மகனோடோ மகளோடோ வாழ்வதற்கெனச் சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பெங்களூருக்கு வந்த தாய் தந்தையருக்கு அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவர்களே உலகமாகிவிடுகின்றன. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்து பழகிய கால்கள் முடங்குகின்றன. திண்ணையில் அமர்ந்து பேசிப் பழகிய நாவும் ஓய்ந்துவிடுகிறது. உடல் தளர்வும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இதற்கு மருந்துக் கடையில் கிடைக்காத ஒரு மருந்து நம் நகரின் நடுவே, ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. அதுவே கப்பன் பூங்கா. அதனை நலவாழ்வுக்கு உகந்ததாக எவ்வாறு திருத்தி அமைப்பது என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

இப்பூங்கா 1870-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக விளங்கிய ரிச்சர்டு சாங்கி என்பவரால் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் பரப்பு 100 ஏக்கரே. மைசூரின் ஆணையராக நெடுங்காலம் இருந்த மார்க் கப்பனின் பெயரால் அது வழங்கலாயிற்று. 1927-இல், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரது ஆட்சியின் வெள்ளிவிழாவையொட்டி, ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா என்று பெயர் சூட்டப்பட்டது. எனினும் பழைய பெயரே மக்கள் நாவில் நிலைத்தது.

அக்காலத்துப் பெங்களூர் ஒரு நகரன்று; இரண்டு. மேற்கே கன்னடம் வழங்கிய பழைய பேட்டை. கிழக்கே 1809-இல் தோன்றிய கண்டோன்மெண்ட். சென்னை மாகாணப் படையோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் வந்த தமிழர் அல்சூர் முதலிய இடங்களில் குடியேறிக் கண்டோன்மெண்ட் பகுதியில் பெருகினர். இவ்விரண்டு நகரங்களுக்கும் இடையே பூங்கா ஒரு பசுமையான எல்லைபோல் அமைந்தது.

சிலப்பதிகாரம் படித்தோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. புகார் நகரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் இரு பகுதிகளுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த சோலை இருந்தது. அங்கேதான் நாளங்காடி கூடிற்று. இரு பகுதிகளையும் பிரித்த நிலமே மக்கள் கலந்து பழகும் இடமும் ஆயிற்று. கப்பன் பூங்காவும் அத்தகைய நிலையை இன்று எய்தியுள்ளது. கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் வடநாட்டினரும் ஒரே மர நிழலில் அமரும் இடம் அது. நுழைவுக் கட்டணம் இல்லாமையால் செல்வரும் ஏழையரும் ஒருங்கே வரலாம்.

திறந்தவெளிக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பெங்களூர் முன்பே துன்பப்பட்டு உணர்ந்திருக்கிறது. 1898-இல் பிளேக் நோய் நெருக்கமான தெருக்களில் பரவிப் பலரைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற தெருக்களும் பூங்காக்களும் கொண்ட புதுப் பகுதிகளாக உருப்பெற்றன.

இக்கால ஆராய்ச்சியும் இதனையே சுட்டுகிறது. ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை மருத்துவம் செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டு 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆய்வு சிறிதாயினும் அது எழுப்பிய சிந்தனை பெரிது. முதியோர் உட்பட வளர்ந்தோர் யாவரும் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உழைப்பில் உடலை ஈடுபடுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. நாள்தோறும் அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் அவ்வளவு நிறைவாகிவிடும். இயலாதோர் இயன்ற அளவு நடந்தாலும் பயன் உண்டு.

பழம்பெரும் பூங்கா ஒன்றை நலவாழ்வுக்கென மாற்றி அமைப்பது என்றவுடன், புதிதாக எதைக் கட்டலாம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உடற்பயிற்சிக் கருவிகள், வண்ண விளக்குகள், செயற்கை நீரூற்றுகள் என்று பட்டியல் நீளுகிறது. ஆனால் கப்பன் பூங்காவின் வரலாறு வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. இப்பூங்காவுக்குப் பெருநன்மை விளைந்ததெல்லாம், வேண்டாதவற்றை நீக்கியதாலும் தடுத்ததாலுமே ஆகும்.

1975-ஆம் ஆண்டின் கருநாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் கப்பன் பூங்காவுக்கும் லால்பாகுக்கும் அரணாயிற்று. 1998-இல் அப்பாதுகாப்பிலிருந்து பூங்காவின் ஒரு பகுதியை விலக்க அரசு முற்பட்டபோது பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர். அடுத்து, பூங்காவின் ஊடே செல்லும் சாலைகளில் ஞாயிறுதோறும் ஊர்திகளை நிறுத்தும் ஏற்பாடு 2015-இல் வந்தது. ஒரு செங்கல்லும் வைக்காமலே அன்றைய நாளில் பூங்கா விரிந்துவிட்டது. ஊர்திகள் ஓடிய சாலையில் சிறுவர் மிதிவண்டி பழகினர். முதியோர் அச்சமின்றி நடந்தனர். 2020-இல் ஊரடங்கு நாள்களில் ஊர்திகள் ஓய்ந்தபோது, மற்ற நாள்களிலும் இவ்வமைதி கிடைக்கலாகாதா என்ற கேள்வி வலுப்பெற்றது.

இதற்கு மறுப்பும் உண்டு; அதனை நாம் அலட்சியம் செய்யலாகாது. உயர்நீதிமன்றமும் பல அலுவலகங்களும் பூங்காவை ஒட்டியே உள்ளன. சாலைகளை முற்றிலும் அடைத்தால் சுற்றுச் சாலைகளில் நெரிசல் மிகும் என்கின்றனர். அது மெய்யே. ஆயினும் நெரிசலுக்குத் தீர்வு பொதுப் போக்குவரத்தைப் பெருக்குவதே தவிர, குழந்தைகளும் முதியோரும் நடக்கும் இடத்தில் ஊர்தி ஓட்டுவது ஆகாது. 2016 முதல் கப்பன் பூங்காவின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் ஒன்று இயங்கி வருகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் சேர்க்க வேண்டியது ஒன்றுமே இல்லையா? உண்டு, ஆனால் அவை எளியவை. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் கீழ்ப் பாதைகளும் குளங்களும் சீர்செய்யப்பட்டமை நன்று. இனி வேண்டுவன, முழங்கால் வலியுள்ள மூதாட்டி சிறிது தூரம் நடந்ததும் அமர்வதற்குச் சாய்மானமுள்ள இருக்கைகள், தூய கழிப்பிடங்கள், குடிநீர், சக்கர நாற்காலி செல்லத்தக்க மேடு பள்ளமற்ற பாதை, சாலையைக் கடக்க அஞ்சாத வழி. வலியோருக்குப் பூங்கா எப்படி இருந்தாலும் போதும். மெலியோர் வந்து செல்ல இயலுமா என்பதே ஒரு பூங்காவின் உரைகல்.

மனநலத்துக்கும் பெருஞ்செலவு தேவையில்லை என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உள்ளது. 2023 முதல் சனிக்கிழமைதோறும் இளைஞர் பலர் இங்கே கூடி, மரத்தடியில் பேசாமல் அமர்ந்து அவரவர் நூலைப் படிக்கின்றனர். அப்பழக்கம் வேறு பல நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் பரவியுள்ளது. ஒரு விரிப்பும் ஒரு புத்தகமும் நிழலும் போதுமாயின. திவான் சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபத்தில் நூலகத்தைக் கொண்டுள்ள பூங்காவுக்கு இது எத்துணைப் பொருத்தம்!

நம் குடும்பங்களின் பங்கு யாது? அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாம் நிலையம் கப்பன் பூங்கா. ஞாயிறு காலையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மூங்கிற் புதர்களையும் பெருமரங்களையும் காட்டிப் பிள்ளைகளுக்கு அவற்றின் தமிழ்ப் பெயரைப் பாட்டி சொல்லட்டும். கன்னடப் பெயரைப் பேரன் கற்று வந்து பாட்டிக்குச் சொல்லட்டும். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் கன்னட மூதாட்டியோடு இரண்டு சொல் பேசினால் நட்பும் மலரும், மொழியும் வரும். குப்பையை வீட்டுக்கே திருப்பி எடுத்து வருவோம். பூங்காவைப் பற்றி அரசும் தோட்டக்கலைத் துறையும் கருத்துக் கேட்கும்போது, வந்து குடியேறியவர்கள்தாமே நாம் என்று ஒதுங்கி நில்லாமல், மெலியோர் சார்பில் நம் கருத்தையும் எழுதி அனுப்புவோம். நிழலில் பங்கு கொள்பவர்க்கு மரத்தைக் காக்கும் பொறுப்பிலும் பங்கு உண்டு.