பால்வாடிக்குக் கொடுப்பது யார்?



ஜூன் மாதம் பிறந்தால் உத்திரமேரூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் பள்ளி வேன்கள் வந்துவிடுகின்றன. மூன்றரை வயதுப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்க நகையை அடகு வைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அதே ஊரில் பால்வாடியும் இருக்கிறது. "அங்கே சோறு போடுவார்கள், படிப்பு இல்லை" என்பது அவர்களின் பதில். நகைகூட இல்லாதவரின் பிள்ளைதான் அங்கே மிஞ்சுகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. உலகில் 17 கோடியே 50 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் முன்பருவக் கல்வி பெறவில்லை என்று யுனிசெப் 2019 இல் கூறியது. 2030 க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் இக்கல்வி என்பது ஐ.நா.வின் இலக்கு. அதற்கு நிதி வேண்டும். யார் தருவது?

நம் மண்ணிலேயே ஒரு பாடம் உண்டு. காமராசர் காலத்தில் 1956 இல் மதிய உணவு தொடங்கியபோது, அரிசியும் விறகும் தந்தவர்கள் ஊர் மக்கள். பிறகுதான் அரசு மானியம் வந்தது. அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்துக்காரர். அவர் முயற்சியில் 1958 இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பெஞ்சும், கடிகாரமும், கட்டடமும் ஊராரின் கொடையாக வந்தன. 1982 இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பால்வாடிப் பிள்ளைகளுக்கும் விரித்தார். காலைச் சிற்றுண்டி 2024 ஜூலையில் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில் தொடங்கி, கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. மக்கள் தொடங்கியதை அரசு தன் கடமையாக ஏற்றுக்கொண்டது.

சோறு விஷயத்தில் நாம் வென்றோம். படிப்பில் அப்படி இல்லை. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கின. 2022 இல் அவற்றை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே தொடர்ந்தன. மற்ற இடங்களில் எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, செல்போனில் விவரம் ஏற்றுவது எல்லாம் ஒரே பணியாளர் தலையில். அவருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 முதல் ரூ. 4,500, அதற்குமேல் மாநில அரசு சேர்த்துத் தருகிறது. பாட்டும் கதையும் சொல்லித்தர அவருக்கு நேரம் ஏது?

2022 டிசம்பரில் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிகளுக்கு நிதி தர அது வழி செய்கிறது; நல்லதே. ஆனால் "நான் இங்கே படித்தேன்" என்று பால்வாடியைத் தேடி வரும் பழைய மாணவர் யார்?

ஆகவே அந்தக் கொடை ஊரிலிருந்தே வர வேண்டும். சுவருக்கும் பெயிண்டுக்கும் ஒருமுறை கொடுத்தால் போதாது. பிள்ளை தினமும் தொட்டுப் பார்க்கப் படப்புத்தகமும் விளையாட்டுச் சாமானும் வேண்டும். பணியாளரின் அனுமதியோடு தினம் இரண்டு மணி நேரம் கதை சொல்ல, பயிற்சி பெற்ற ஓர் ஊர்ப்பெண்ணும் வேண்டும். அவருக்கு மாதந்தோறும் தவறாமல் ஊதியம் போக வேண்டும். ஒருவர் தரும் லட்சத்தைவிட நூறு வீடுகள் மாதம் தரும் ஐம்பது ரூபாய் இதற்கு உதவும். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை ஆண்டவர் கவனித்தார் அல்லவா?

வசூலித்தால் கணக்கும் வேண்டும். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலைக்கே தகுதியற்றவர் என்கிறது. மாதக் கணக்கைப் பால்வாடிச் சுவரிலேயே ஒட்டிவிடலாம்.

நம் கொடை அரசுக்கு விடுப்புக் கொடுப்பதாக ஆகிவிடக் கூடாது. ஊர் செய்து காட்டியதைச் சொல்லிக் கிராம சபையில் எழுந்து, "எங்கள் பால்வாடிக்கு ஓர் ஆசிரியர் தாருங்கள்" என்று தீர்மானம் கேட்க வேண்டும். வரும் பங்குத் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை முதல் காணிக்கையாக வைப்போமா? அந்தப் பால்வாடியில் எல்லாச் சமயத்தார் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள்.