‘போட் போயிற்றுது’ எண்டு சொல்ல முதல்

எங்கட நெடுங்கேணிப் பக்கம் ஒரு கேம் செற் ஒன் ஆகாட்டி ஒரே தீர்ப்புத்தான்: “போட் போயிற்றுது, வேற வாங்குங்கோ.” வவுனியாவுக்குக் கொண்டுபோனாலும் அதே பதில்தான் வருது. அளந்து பார்க்காமல் சொல்லும் இந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கக்கூடாது.

பழைய பிளேஸ்ரேசன் 2 சிலிம்மையே எடுப்பம். அதன் அடப்ரர் 8.5 வோல்ற் தரவேண்டும். மல்ரிமீற்றரால் முதலில் அதை அளவுங்கோ. அது சரியெண்டால், அடப்ரரைக் கழற்றிவிட்டு, மீற்றரைப் பீப் சத்தம் வரும் நிலைக்கு மாற்றி, போட்டில் பவர் நுழையும் இடத்துக்குக் கிட்ட உள்ள சின்னப் பியூசின் இரண்டு முனையிலும் வையுங்கோ. சத்தம் வராட்டி பியூஸ் எரிஞ்சிட்டுது. 12 வோல்ற் அடப்ரரை மாறிக் குத்தினாலும் இப்படி நடக்கலாம். பியூசைத் தாண்டிய பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் பீப் விடாமல் அடித்தால் எங்கேயோ ஷோர்ட். அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பியூஸ் போட்டால் அதுவும் எரியும். பியூசுக்குப் பதில் வயர்த்துண்டு வைப்பது போட்டையே கொல்லும் வேலை.

1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காதபோது, எங்கட ஆக்கள் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டவை. ஒரு சாமான் எப்படி வேலை செய்யுது எண்டு தேடிப்பார்த்த பழக்கம் அது. அதை நாங்கள் தொலைக்கக்கூடாது.

கலைப்பீடத்தில படிக்கிற எனக்கே இது விளங்குதெண்டால், ஓஎல் படிக்கிற பிள்ளையளுக்கு விளங்காதா? சனசமூக நிலையங்களில் கரம் போட்டுக்குப் பக்கத்தில ஒரு மல்ரிமீற்றரும் இருக்கட்டும்.