ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரி

1/
மூளை எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கையில வாங்கினவங்க அதோட கடைசி வரியைப் படிச்சிருக்கீங்களா? பெரும்பாலான ரிப்போர்ட்ல இருக்கும்: "ப்ளீஸ் கோரிலேட் கிளினிக்கலி". நோயாளியை நேர்ல பரிசோதனை பண்ணி, இந்தப் படத்தோட ஒப்பிட்டுப் பாருங்கன்னு அர்த்தம். அது உங்களுக்கு எழுதினது இல்ல. ஸ்கேன் பார்த்த டாக்டர், உங்களை அனுப்பின டாக்டருக்கு எழுதின கடிதம். அந்தக் கடிதம் இப்பல்லாம் போய்ச் சேர வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேர்றதே இல்ல. என்னோட சண்டை அதைப் பத்திதான். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

2/
காவேரிப்பாக்கம், ஓச்சேரி, பனப்பாக்கம், நெமிலி பக்கம் இப்ப வரிசையே மாறிப்போச்சு. தலை நோவுதுன்னா முதல்ல ஸ்கேன், அப்புறம்தான் டாக்டர். இந்தப் பக்கம் வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர், அந்தப் பக்கம் காஞ்சிபுரம். ஹைவேல பஸ் ஏறினா போதும். எடுத்துட்டு வந்து ரிப்போர்ட்டை மட்டும் போட்டோ புடிச்சு வாட்ஸப்ல அனுப்பறாங்க: "சார், இதுல ட்யூமர்னு போட்டுக்கீதா பாருங்க."

ஆள் எங்கப்பான்னு கேட்டா, "வீட்ல படுத்துனுகீறாரு சார், நீங்க ரிப்போர்ட்டைப் பார்த்து சொல்லுங்க." இதுதான் நடக்குது.

3/
ஒரு உதாரணம். (விவரங்களை மாத்திதான் எழுதறேன், யாரும் அடையாளம் தேட வேண்டாம்.) ஷூ கம்பெனில பசை தடவற செக்‌ஷன்ல வேலை பார்க்கற பொண்ணு. நாலு மாசமா தலைநோவு. யாரோ சொல்லி எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. ரிப்போர்ட்ல "சில வெள்ளைப் புள்ளிகள், குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாதவை", கூடவே சைனஸ்ல லேசா சவ்வுத் தடிப்பு. வீட்ல அதை "மூளைல புள்ளி"ன்னு படிச்சாங்க. பார்த்து வெச்சிருந்த சம்பந்தத்தை நிறுத்தற அளவுக்குப் போயிட்டாங்க.

நான் கேட்டது ஒரே கேள்வி. "ஏம்மா, ஞாயித்துக்கிழமை நோவுதா?" யோசிச்சு சொல்லுச்சு: "லீவு நாள்ல இல்ல சார்."

பசைல இருக்கற கரைப்பானோட ஆவி, காத்தோட்டம் இல்லாத ஹால், காலைல சாப்பிடாம வேன் ஏறறது. மத்த பரிசோதனையும் பண்ணினேன், கண்ணுக்குள்ள பார்த்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு. செக்‌ஷன் மாத்திக் குடுத்ததும் நோவு குறைஞ்சுது. எம்.ஆர்.ஐ. மிஷினுக்கு ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு தெரியாது.

4/
"சும்மா ஒரு தடவை எடுத்துப் பார்த்துட்டா நிம்மதிதானே சார்?" இல்ல. எடுத்துப் பார்த்தா எதாவது தெரியத்தான் செய்யும். நெதர்லாந்துல ராட்டர்டாம் நகரத்துல, 45 வயசுக்கு மேல இருந்த 2,000 சாதாரண மக்களுக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2007-ல வெளியிட்டாங்க. 7.2 சதவீதம் பேருக்கு, தெரியாமலே வந்துபோன பழைய அடைப்போட தழும்பு. 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய்ல வீக்கம். 1.6 சதவீதம் பேருக்கு சாதுவான கட்டி. ஒரு தொந்தரவும் இல்லாம நடமாடிட்டு இருந்தவங்க இவங்க. இப்படித் தெரியறதுல பலதையும் ஒண்ணும் பண்ணாம சும்மா விடறதுதான் வைத்தியம். ஆனா காகிதத்துல பார்த்துட்டா யாருக்குத் தூக்கம் வரும்? "மாஸ்டர் ஹெல்த் செக்கப்போட மூளை ஸ்கேன் பாதி விலை"ன்னு விளம்பரம் பார்க்கறப்ப இந்தக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க.

5/
மிஷினை நான் குறை சொல்லலை. அபாரமான கருவி. நம்ம உடம்புத் தண்ணில இருக்கற ஹைட்ரஜன் அணுக்களைப் பெரிய காந்தத்துக்குள்ள வெச்சு, ரேடியோ அலையால தட்டி, அது திருப்பிக் குடுக்கற சிக்னலைப் படமா மாத்துது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. இதுக்காக 2003-ல லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்டு ரெண்டு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. கட்டி எங்க இருக்கு, பக்கத்துல என்ன இருக்கு, எந்த வழியா போய் எடுக்கலாம், இதெல்லாம் இது இல்லாம இன்னிக்கு மூளை ஆபரேஷனே இல்ல. ஆனா அது காட்டறது சிக்னல். அந்த சிக்னலுக்கு நோயோட பேரை வைக்கறது மனுஷன்.

6/
படத்தை வெச்சு மட்டும் பேர் வெச்சா என்ன ஆகும்னு உலகத்துக்கே பாடம் எடுத்தது எந்த ஊர் தெரியுமா? நம்ம வேலூர்.

நாட்டுலயே முதல் நரம்பு அறுவைசிகிச்சைத் துறையை வேலூர் சி.எம்.சி.ல ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்சது 1949-ல. 1980-கள்ல சி.டி. ஸ்கேன் பரவினப்ப ஒரு புதிர் வந்துச்சு. வலிப்பு வந்த ஆளுக்கு ஸ்கேன் எடுத்தா மூளைல சின்னதா ஒரே ஒரு வட்டம். காசநோய் அதிகமா இருக்கற நாடு, அதனால காசநோய்க் கட்டின்னு முடிவு பண்ணி மாசக்கணக்குல டி.பி. மாத்திரை குடுத்தாங்க. ஆனா சில பேருக்கு அந்த மாத்திரை எடுக்காமலே புள்ளி மறைஞ்சு போச்சு.

சி.எம்.சி.ல மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழு அந்தப் புள்ளியையே எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தாங்க. பெரும்பாலும் அது டி.பி.யும் இல்ல, புத்துநோயும் இல்ல. நாடாப்புழுவோட குட்டிப் பருவம், மூளைல வந்து உக்காந்து செத்துக்கிட்டு இருக்கற கூடு. 1989-ல லான்செட்ல வந்துச்சு.

7/
அடுத்து அவங்க பண்ணினதுதான் எனக்கு இன்னும் பெரிசா தெரியுது. ஒவ்வொருத்தருக்கும் மண்டையைத் திறக்க முடியாதே. திறக்காம எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு விதி வகுத்து, 1997-ல சரிபார்த்து வெளியிட்டாங்க. அந்த விதில படத்தைப் பத்தி இருக்கறது: ஒரே புள்ளி, 20 மில்லிமீட்டருக்கு மேல போகாதது, மருந்து செலுத்தினா ஒளிரணும், மூளையோட நடுக்கோட்டைத் தள்ளற அளவுக்கு வீக்கம் கூடாது.

மீதி எல்லாம் ஆளைப் பத்தி. வந்தது வலிப்பா? தலைக்குள்ள அழுத்தம் ஏறினதுக்கான தொடர் அறிகுறி இருக்கா? கை கால் நாளுக்கு நாள் பலம் குறையுதா? உடம்புல வேற எங்கயாவது நோய் இருக்கா?

கவனிங்க. பாதி விடை பிலிம்ல இல்லவே இல்ல. தொட்டுப் பார்த்து, கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது. இப்படி ஒரு விதி பிறந்த ஊருக்கு ஒரு மணி நேரத் தூரத்துல உக்காந்துகிட்டு, நாம வாட்ஸப்ல நோய்க்குப் பேர் வெச்சுட்டு இருக்கோம்.

8/
இந்தப் புழு நமக்கு அந்நியம் இல்ல. வேலூர் மாவட்டத்துல கணக்கெடுத்து 2006-ல வந்த ஆய்வுல, வலிப்பு இருக்கறவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இதான் காரணம். (அப்ப காவேரிப்பாக்கமும் வேலூர் மாவட்டம்தான். ராணிப்பேட்டை தனியா பிரிஞ்சது 2019-ல.)

சொன்ன உடனே வர்ற பதில்: "நாங்க பன்னியே தொடறதில்ல டாக்டர்!" சரியா வேகாத பன்னிக்கறியால வயித்துல நாடாப்புழு வரும். மூளைக்குப் போற முட்டை வேற வழி. வயித்துல புழு இருக்கற ஒரு மனுஷனோட மலத்துல இருந்து, கழுவாத கை, தண்ணி, பச்சைக் காய்கறி வழியா அடுத்தவங்க வாய்க்குப் போகுது. சுத்த சைவக்காரருக்கும் வரும். அதனால இந்த நோயை வெச்சு எந்தத் தெருவையும், எந்தச் சாதியையும் கை நீட்டாதீங்க. இன்னொண்ணு, மெடிக்கல்ல பூச்சி மாத்திரை வாங்கி நீங்களே போட்டுக்காதீங்க. மூளைல நிறைய கூடு இருந்தா ஒரேயடியா வீங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

9/
இப்ப எதிர்ப்பக்கம். ஐம்பத்தெட்டு வயசு, ஒரு தோல் கம்பெனில இருந்து ரிட்டயர்டு ஆனவர். தலைநோவு, ஒரு பக்கம் கை பலம் குறையுது. எம்.ஆர்.ஐ.ல வளையம் மாதிரி ஒளிர்ற கட்டி, சுத்தி வீக்கம். ரிப்போர்ட்: "ஹை கிரேடு கிளையோமாவாக இருக்கலாம், மற்றவையும் கருதப்பட வேண்டும்". படிச்ச சொந்தக்காரர் ஒருத்தர் அதை "நாலாவது ஸ்டேஜ்"னு மொழிபெயர்த்துட்டார். மூளைக் கட்டில கிரேடு வேற, ஸ்டேஜ் வேற. யார் கேக்கறது? வீட்ல கொண்டுவந்து படுக்க வெச்சு, சொந்தபந்தத்துக்கெல்லாம் தகவல் சொல்லியாச்சு.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சாயங்காலமான காய்ச்சல். வேட்டி இடுப்புல நிக்கலை, அவ்வளவு இளைப்பு. கழுத்தைத் தடவினா வரிசையா நெறிகட்டி. அதுவரைக்கும் ஒருத்தரும் அந்தக் கழுத்தைத் தொடலை. "ஐயா, இதுல இருந்து கொஞ்சம் சதை எடுக்கணும்"னு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டி.பி. மூளைல இருந்ததும் அதேதான். மாத்திரைல கட்டி சுருங்குச்சு. மனுஷன் இப்ப ஏரிக்கரைல நடக்கறார்.

10/
எல்லார் கதையும் இப்படி முடியாது. அது கிளையோமாவாவே இருந்திருக்கலாம். அப்பவும் சதை எடுத்துப் பார்க்காம பேர் வைக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல திருத்தின மூளைக் கட்டி வகைப்பாட்டுல, பல கட்டிகளுக்கு மரபணு மாற்றம் பார்த்துதான் பேரும் கிரேடும் முடிவாகும். அதெல்லாம் படத்துல முழுசா தெரியற சங்கதி இல்ல. வளையம் மாதிரி தெரியறது புத்துநோயா இருக்கலாம், டி.பி.யா இருக்கலாம், சீழ்க்கட்டியா இருக்கலாம், புழுவா இருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் தலைகீழா வேற.

11/
"அப்ப ஸ்கேனே வேண்டாம்கறீங்களா?" வேணும். யாருக்கு அவசரமா வேணுமோ அவங்களுக்குக் கிடைக்காமப் போறதுதான் என் கோபமே.

நாப்பது வயசுல முதல் தடவை வலிப்பு வந்தவர் கைல இரும்புச் சாவி குடுத்து, மந்திரிச்சு, மூணு மாசம் கழிச்சு வர்றார். காலைல எழுந்ததும் வாந்தி எடுக்கற குழந்தைக்கு "பித்தம்"னு கஷாயம். அந்தக் குழந்தை நடக்கும்போது தள்ளாடறதை டீச்சர் பார்த்துச் சொன்னாதான் தெரியுது. கண் மங்குதுன்னு கண்ணாடிக் கடைல ரெண்டு தடவை பவர் மாத்தினவங்க. குழந்தை பிறக்காமலே பால் சுரந்து, மாதவிடாய் நின்னுபோய், வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லாத பொண்ணுங்க. அது பிட்யூட்டரி சுரப்பியோட கட்டியா இருக்கலாம், பல பேருக்கு மாத்திரைலயே சுருங்கும். அம்பது வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச தலைநோவு, தூக்கத்துல இருந்து எழுப்பற தலைநோவு, குணமே மாறிப்போன பெரியவர். இவங்கல்லாம் ஸ்கேன் வரிசைல முன்னாடி நிக்கணும். நிக்கறது யாருன்னா, செக்கப் பேக்கேஜ் வாங்கினவங்க.

12/
இவங்களைப் பிரிச்சு எடுக்க ஒரு சின்னக் கருவி இருக்கு. ஆஃப்தால்மோஸ்கோப். கண்ணுக்குள்ள லைட் அடிச்சு, கண் நரம்பு வீங்கியிருக்கான்னு பார்க்கறது. தலைக்குள்ள அழுத்தம் ஏறினா பல பேருக்கு அங்க தெரியும். ரெண்டு நிமிஷ வேலை. உங்களுக்குத் தலைநோவுன்னு போன எத்தனை இடத்துல கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தாங்க? எத்தனை இடத்துல ஸ்கேன் சீட்டு எழுதினாங்க? கமெண்ட்ல சொல்லுங்க.

13/
சக டாக்டர்கள் கோவிச்சுக்குவாங்க, பரவாயில்ல. அந்தச் சீட்டுக்குப் பின்னாடி சில இடத்துல கமிஷன் இருக்கு. அனுப்பற ஆளுக்கு ஸ்கேன் சென்டர்ல இருந்து மாசக் கடைசில கவர். 2002-ம் வருஷ மருத்துவ நெறிமுறை விதிகள் இதைத் தெளிவா தடை பண்ணுது. அந்த விதியைப் படிக்காம யாரும் டாக்டர் ஆகலை.

கமிஷன் வாங்காத நல்ல டாக்டர்கள் சொல்ற காரணம் வேற: "நூறு பேர் ஓ.பி., ஆளுக்கு ரெண்டு நிமிஷம். விட்டுப்போச்சுன்னா கேஸ் போடுவாங்க, அடிக்க வருவாங்க. ஸ்கேன் எழுதறதுதான் பாதுகாப்பு." உண்மை. எனக்கும் அந்த ஓ.பி. தெரியும். ஆனா டாக்டருக்கு நேரம் இல்லைங்கறதுக்கு மிஷின் எப்படி மருந்தாகும்? புது எம்.ஆர்.ஐ. மிஷினுக்கு ரிப்பன் வெட்டினா போட்டோ வரும். ஓ.பி.ல ரெண்டு டாக்டர் கூடுதலா போட்டா போட்டோ வராது. தேர்தல் வரும்போது எங்க தொகுதிக்கு ஸ்கேன் வேணும்னு கேட்கறவங்க, அதோட நரம்பு டாக்டரும் வேணும்னு சேர்த்துக் கேளுங்க.

14/
அடுத்த தடவை யாராவது மூளை ஸ்கேன் எழுதினா மரியாதையா கேளுங்க: "டாக்டர், எதைக் கண்டுபிடிக்க இந்த ஸ்கேன்? வந்ததும் நீங்களே பார்ப்பீங்களா?" நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். எடுத்தா பிலிமையும் சி.டி.யையும் கேட்டு வாங்கி வைங்க. ஆறு மாசம் கழிச்சு எடுக்கற படத்தோட ஒப்பிட அதுதான் வேணும், ரிப்போர்ட் காகிதம் போதாது. செலவுக்குப் பயந்து நிக்காதீங்க, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, கம்பெனி வேலைன்னா இ.எஸ்.ஐ. இருக்கு.

இதைப் படிச்சுட்டு இன்பாக்ஸ்ல ரிப்போர்ட் போட்டோ அனுப்பப் போறவங்களுக்கு: பார்க்க மாட்டேன். ஆளைக் கூட்டிட்டு வாங்க. கூட இருக்கற ஒருத்தரும் வரணும், வலிப்பைப் பார்த்தவங்க யாரோ அவங்க. வலிப்பு வந்தவருக்கு அது ஞாபகம் இருக்காது.