நாடகத்துக்கு எதுக்கு சார் பைனாகுலர்?

மைசூருக்கு மாற்றலாகி வருகிற நம்ம ஊர் குடும்பங்கள் அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் எல்லாவற்றையும் முதல் மாசத்திலேயே முடித்துவிடுவார்கள். அப்புறம் வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தமிழ் சேனல்தான். "ரங்காயணத்தில் நாடகம் இருக்கு, வாங்களேன்" என்று கூப்பிட்டால் வருகிற பதில் எனக்கு மனப்பாடம். "நமக்கு கன்னடம் எங்கே சார் புரியப் போகுது?"

படித்தது பி.காம்., உத்தியோகம் வங்கியில். கலை விமர்சகன் எல்லாம் கிடையாது. ஆனாலும் இந்த பதிலோடு எனக்கு சண்டை உண்டு.

தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கிற பாகவத மேளா நாடகங்கள் தெலுங்கில்தான். நம் ஜனங்கள் ராத்திரி கண் முழித்துப் பார்க்கவில்லையா? லண்டன்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இத்தாலிய ஆப்ராவைப் பார்த்தார்கள். மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பை ஓடவிடும் வசதியே 1983-ல் டொரண்டோவில் கனடியன் ஆப்ரா கம்பெனி ஆரம்பித்து வைத்ததுதான். அதுவரைக்கும் கையில் கதைப் புத்தகம், கண்ணில் ஆப்ரா கிளாஸ். பாதிக் கதையைப் பாடுகிறவர் முகத்தில்தான் படித்திருப்பார்கள்.

அந்த ஆப்ரா கிளாஸுக்குத்தான் இன்றைக்கு சிபாரிசு. சின்ன பைனாகுலர்தான், மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும். 60 அடியில் இருக்கிற நடிகர் 20 அடியில் நிற்கிற மாதிரி. கலாமந்திரில் பின் வரிசை கிடைத்தவர்களுக்கும், தசரா சமயம் அரண்மனை முன்னால் எங்கேயோ கடைசி நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கும் இதன் அருமை தெரியும். ரங்காயணத்தின் பூமிகீதா சின்ன அரங்கம், அங்கே தேவையே இல்லை.

கடைக்காரர் பத்து மடங்கைத்தான் தூக்கிக் காட்டுவார். ஏமாறாதீர்கள். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்கு :-) இன்னொரு கணக்கும் இருக்கிறது. முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 8 மடங்கு, 21 மி.மீ. என்றால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை 2.6 மி.மீ.தான். இருட்டில் நம் கண் பாவை அதைப்போல இரண்டு மடங்கு விரிந்து காத்திருக்கும். விளக்கைக் குறைத்த காட்சியில் எல்லாம் மங்கல். மூன்று, நான்கு மடங்கு போதும்.

எல்லாவற்றுக்கும் இது வேண்டியதில்லை. யட்சகானத்தின் தலைக்கட்டும் நம் தெருக்கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் தூரத்தில் இருக்கிறவனுக்காகவே செய்தவை. கிளாஸ் வைத்துப் பார்த்தால் ஆட்டம் போய் அரிதாரம்தான் மிஞ்சும். இந்தக் கால நாடகத்தில் நடிகர் ஒரு சின்னப் பார்வையில் காரியத்தை முடித்துவிடுகிறார். அங்கேதான் கிளாஸ். பி.வி. காரந்த் 1989-ல் ரங்காயணத்தை ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே பாட்டுக்குக் குறைவில்லை. கூட்டமாகப் பாடும்போது கிளாஸை மடியில் வைத்துவிடுங்கள், மேடை முழுசாகத் தெரியட்டும். 2010-ல் குவெம்புவின் 'மலெகளல்லி மதுமகளு' நாவலை அங்கே ராத்திரி முழுக்க, ஒன்பது மணி நேரம், இடம் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அந்த மாதிரி நாடகத்துக்குக் கிளாஸைவிட ஃபிளாஸ்க் முக்கியம்!

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் வேறு. 1991-லும் 2016-லும் காவிரிக்காக இங்கே கலவரம் வந்தபோது நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு டிவியில் கன்னடக்காரர் முகத்தைப் பார்த்தோம். கத்துகிற முகம் மட்டும்தான் அதில் வரும். நம் பிள்ளைகளோ தெரு முனையில் கன்னடத்தில் சண்டை போட்டு, கன்னடத்திலேயே சமாதானம் ஆகிறார்கள். அதே பாஷையில் ஒரு மனுஷன் அழுவதையும் வெட்கப்படுவதையும் அப்பா அம்மா கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்றால் எப்படி? செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பது இதற்கு ஈடாகாது. பின்னால் இருப்பவர் சாபம்தான் மிச்சம்.

பஹுரூபி விழா வரும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், வேற்று மொழி நாடகங்களும் வரும். நாலு பேருக்கு ஒரு கிளாஸ் போதும். இடைவேளையில் பக்கத்து சீட்டுக்காரர் கட்டாயம் திரும்பி, "எல்லி தகொண்ட்ரி?" என்பார். எங்கே வாங்கினீர்கள் என்று அர்த்தம். கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.